பிரச்சினை அந்த 410 யூனிட்டில்தான்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். விருதுநகரில் சொந்த வீடு, ஒரே தளம், மேலே மொட்டை மாடி. நானும் மனைவியும், மகன், மருமகள், பேத்தி என்று ஐந்து பேர். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் வாக்கில் ஓடும். பில் ஆயிரத்து அறுநூறு, எழுநூறுக்குள் முடிந்துவிடும். இந்தக் கோடையில் மகனின் நண்பர் வீட்டைக் காலி செய்தபோது குறைந்த விலைக்குக் கொடுத்த ஒன்றரை டன் ஏசியை வாங்கி மாட்டினோம். எட்டு வருடம் ஓடிய ஏசி. மற்றபடி ஐந்து பழைய ஃபேன், பதினான்கு வருட ஃபிரிட்ஜ், சோக் வைத்த நான்கு ட்யூப் லைட், டி.வி., மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அவ்வளவுதான். சித்திரை, வைகாசிக் கணக்கில் 910 யூனிட், ஆறாயிரத்தை ஒட்டி பில் வந்துவிட்டது. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சுவரில் சொருகினால் முப்பது சதவீதம் மிச்சமாகும் என்று ஒரு டப்பாவை ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு விற்க ஒருவர் வந்தார். சோலார் போடு என்கிறார் ஒருவர், இன்னொரு இணைப்பு வாங்கிப் பிரித்துக்கொள் என்கிறார் இன்னொருவர். நான் இரவில் ஃபிரிட்ஜை அணைக்கிறேன், செல்போன் சார்ஜர்களைக் கழற்றி வைக்கிறேன். இதனால் வீட்டில் தினம் சண்டை. போர் மோட்டாரும் முன்பு அரை மணி நேரத்தில் தொட்டியை நிரப்பியது, இப்போது ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, முதலில் சண்டையை நிறுத்திவிடுவோம். போன் சொருகாமல் சும்மா தொங்கும் சார்ஜர் இரண்டு மாதத்தில் அரை யூனிட்கூட இழுக்காது. வீட்டில் உள்ள எல்லாச் சார்ஜரையும் வருடம் முழுவதும் கழற்றி வைத்தாலும் மிச்சமாகும் காசில் இரண்டு தடவை டீ குடிக்கலாம், அவ்வளவுதான். ஃபிரிட்ஜை இரவில் அணைப்பதிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இரவெல்லாம் உள்ளே ஏறிய சூட்டைக் காலையில் கம்பிரசர் விடாமல் ஓடித்தான் இறக்கும். நடுவில் இட்லி மாவு புளிக்கும், பால் திரியும். இன்று இரவிலிருந்து அதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்றால், அப்படி எனக்குத் தோன்றவில்லை. யூனிட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, பில் மூன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. இதுதான் உங்களைக் குழப்புகிறது. காரணம் மீட்டரில் இல்லை, கட்டணப் படிக்கட்டில் இருக்கிறது.

2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். 2024 ஜூலையில் ஒவ்வொரு படியும் சில பைசா ஏறியது, படிகளின் அமைப்பு அதேதான். இந்த எண்கள் கணக்குப் போட வசதி. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டால் தொகை சற்றுக் கூடும். முதல் 100 யூனிட் 2016-லிருந்தே எல்லா வீட்டுக்கும் இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், அதற்கடுத்த 200 யூனிட் 4.50, கடைசி 100 யூனிட் 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் 2.25 என்ற சலுகை விலை போய்விடும், அந்த 100 யூனிட்டும் 4.50 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, 1,000 வரை 10. இந்த விலையில் உங்கள் 910 யூனிட்டுக்கு 5,650 ரூபாய்.

இதைப் பிரித்துப் பாருங்கள். முதல் 500 யூனிட்டின் விலை 1,725. மேலே ஏறிய 410 யூனிட்டின் விலை 3,925. அதனால் வீட்டில் உள்ள எல்லாவற்றின் மேலும் நீங்கள் பாய வேண்டியதில்லை. அந்த 410 எங்கிருந்து வந்தது என்று பிடித்தால் போதும்.

நீங்கள் எழுதியிருக்கும் சாமான்களை வைத்து ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போட்டேன். ஏசி ஓர் இரவுக்கு ஏழு யூனிட், அறுபது இரவுக்கு 420. ஐந்து பழைய ஃபேன், எல்லாமாகச் சேர்த்து நாளுக்கு 40 மணி நேரம் ஓடினால் 180. பதினான்கு வருட ஃபிரிட்ஜ் 100. சோக் வைத்த நான்கு ட்யூப் லைட் 60. டி.வி.யும் செட்-டாப் பாக்ஸும் 30. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 20. கூட்டினால் 810 வருகிறது. மிச்சம் 100 எங்கே? நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன மோட்டாரில்.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 1,100 வாட் வாக்கில் இழுக்கும். அரை மணி நேரம் ஓடியபோது இரண்டு மாதத்துக்கு 33 யூனிட் ஆனது, ஒன்றரை மணி நேரம் ஓடினால் 100 யூனிட். ஏசி வந்த அதே கோடையில் இதுவும் சேர்ந்துகொண்டதால் பழி முழுவதும் ஏசி மேல் விழுந்திருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் தண்ணீருக்குத் தனி பில் வராத வீடுகளில் தண்ணீர் பில் கரண்ட் பில்லுக்குள்தான் ஒளிந்திருக்கும். முப்பது வருடமாக வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன், மோட்டாரைப் பற்றி முதல் வரியில் சொன்னவர் ஒருவரும் இல்லை.

மோட்டாருக்கு மூன்று காரணம் இருக்கலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருந்தால் அதிக ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும், தண்ணீர் குறைவாகத்தான் வரும். இதற்கு மருந்து கிடையாது. ஒரே மூச்சில் ஓட்டாமல், ஊற்று ஊற நேரம் விட்டுக் காலையும் மாலையும் பிரித்து ஓட்டினால் கொஞ்சம் பலன் இருக்கும், தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் கருகாமலும் இருக்கும். இரண்டாவது, போருக்குள் இறங்கும் குழாயில் இணைப்பு விட்டிருக்கலாம். மோட்டார் ஓடும்போது போர் வாயருகே காது வைத்துக் கேளுங்கள். உள்ளே அருவி மாதிரி சத்தம் கேட்டால், ஏற்றிய தண்ணீரில் பாதி திரும்பக் கிணற்றுக்கே போகிறது என்று அர்த்தம். மூன்றாவது, மணல் அரித்து பம்பின் உள் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். கெப்பாசிட்டர் சில நூறு ரூபாய் வேலை, அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி உள்ளுக்குள் கசிகிறதா என்று பாருங்கள். தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து விட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருங்கள். பீங்கானில் மஞ்சள் இறங்கினால் கசிகிறது. வாசலில் தண்ணீர் வழிந்த பிறகு ஓடிப்போய் ஸ்விட்சை அணைக்கும் வழக்கம் இருந்தால், மேல்தொட்டிக்கு ஒரு தானியங்கி ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் ஒத்துவந்தால் மோட்டாரில் 60 யூனிட் வரை குறையும். நீர்மட்டம்தான் காரணம் என்றால் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

இப்போது ஏசி. நீங்கள் எத்தனையில் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை, 18 என்று நினைக்கிறேன். ரிமோட்டில் 18 வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது. உங்களுடையது பழைய வகை, தேவைக்கேற்பக் கம்பிரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை கிடையாது. அதன் கம்பிரசருக்கு ஓடுவது, நிற்பது என்று இரண்டு வேலைதான் தெரியும். 18 வைத்தாலும் 26 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். 26 வைத்தால் அங்கே வந்ததும் நிற்கும். 18 வைத்தால், விருதுநகர் கத்திரி வெயிலில் சுட்ட கான்கிரீட்டுக்குக் கீழே, அது விடியும்வரை 18-க்கு வரவே வராது, நிற்கவும் நிற்காது. ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதற்கும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வரும் நட்சத்திர முத்திரை ஏசிகள் போட்டதும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்களுடையது அதற்கு முந்தையது, அது பழைய எண்ணையே நினைவு வைத்துக்கொண்டு ஓடும்.

26 வைத்து, ஃபேனைக் குறைந்த வேகத்தில் சேர்த்து ஓட்டுங்கள். உடம்புக்கு 24 மாதிரிதான் தெரியும். ஏசி போட்டால் ஃபேன் போடக் கூடாது என்று யார் கிளப்பிவிட்டதோ, அந்த 30 வாட், 75 வாட்டுக்குப் பயந்து 1,600 வாட்டை ஓட விடுகிறோம். முகப்பைத் திறந்து வடிகட்டி வலையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், இதற்கு ஆள் தேவையில்லை. வெளி யூனிட்டைச் சுற்றிப் பழைய சாமான் அடுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். விடிகாலை நாலரை, ஐந்து மணிக்கு நிற்கும்படி டைமர் வையுங்கள். அறை அதன் பிறகும் ஒரு மணி நேரம் தாங்கும்.

ஆனால் இவ்வளவும் செய்தாலும் உங்கள் வீட்டில் ஏசியின் உண்மையான எதிரி தலைக்கு மேல் இருக்கிறது. பகல் முழுவதும் வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் இரவில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் ஏறி நின்று மேல்தளத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் நீங்கள் யூனிட்டுக்கு 9 ரூபாய், 10 ரூபாய் கொடுக்கிறீர்கள். பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அந்த வீடுகளில் மத்தியானம் தரையில் துண்டை விரித்துப் படுத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மாடியில் தட்டோடு இல்லையென்றால் வெள்ளை அடியுங்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு கடையில் கிடைக்கிறது. கையைக் கடிக்காமல் செய்ய வேண்டுமென்றால் நல்ல சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடித்தாலே போதும், மழைக்காலம் போனால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். படுக்கையறைக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும் முதலில் அடித்துப் பாருங்கள். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினால் குளிரும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் மோட்டார் இருக்கும் நிலையில் அதைச் செய்யாதீர்கள்.

இப்படியெல்லாம் செய்தால் ஓர் இரவுக்கு ஏழு யூனிட் நாலாகக் குறையும் என்பது என் அனுபவம். அறுபது இரவில் 180 யூனிட்.

புது ஏசி வாங்க வேண்டுமா என்று மகன் கேட்பார். இப்போது வேண்டாம். இது கெட்டுப்போகும்போது வாங்குங்கள், அப்போது இன்வெர்ட்டர் வகையாக வாங்குங்கள். நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2022 ஜூலையில் மாற்றியபோது ஐந்து நட்சத்திரமாக இருந்தவை நாலாக இறங்கின. முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும், அதை ஒப்பிடுங்கள். அந்த எண் வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு.

ஃபேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஃபேன் 75 வாட், இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை, அதாவது சிக்கன மோட்டார் வைத்த ஃபேன், முழு வேகத்தில் 30 வாட் வாக்கில்தான் இழுக்கும். ஐந்தையும் மாற்ற வேண்டாம். கூடத்தில் 14 மணி நேரம் ஓடுவது, இரண்டு படுக்கையறைகளில் பத்துப் பத்து மணி நேரம் ஓடுவது, இந்த மூன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் குறையும். ஒன்று இரண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரம் ஆகும், போட்ட பணம் இரண்டரை வருடத்தில் திரும்பும். அடுப்படி ஃபேனையும் பூஜை அறை ஃபேனையும் மாற்றினால் உங்கள் பேத்தி கல்யாணத்துக்குத்தான் பணம் திரும்பும்.

நான்கு ட்யூப் லைட்டையும் 20 வாட் எல்.ஈ.டி. பட்டையாக மாற்ற ஆயிரம் ரூபாய்தான் ஆகும். 36 யூனிட் குறையும். இதை ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை.

ஃபிரிட்ஜை மாற்றச் சொல்ல மாட்டேன். புதியது ஆண்டுக்கு 200 யூனிட்டை ஒட்டித்தான் இழுக்கும், உங்களுடையது 600 இழுக்கிறது, ஆனாலும் மின்சாரத்தில் மட்டும் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கப் பத்து வருடம் ஆகும். இப்போதைக்குக் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போயிற்று. சுவர் மாடத்துக்குள் திணித்து வைத்திருந்தால் பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். அதில் 20 யூனிட் கிடைக்கும்.

கீசரைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. விருதுநகரில் மே மாதம் தொட்டித் தண்ணீரே குளிக்க முடியாத சூட்டில் வரும்.

அந்த டப்பா விஷயம். அதை வாங்காதீர்கள். அதற்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும். பெரிய ஆலைகளில் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம், குறைந்தால் அபராதம் உண்டு, அங்கே கெப்பாசிட்டர் பணம் மிச்சப்படுத்தும். வீட்டு மீட்டர் நீங்கள் உண்மையில் செலவழிக்கும் மின்சாரத்தை மட்டும்தான் எண்ணுகிறது, பவர் ஃபேக்டரை வைத்து நமக்குப் பில் போடுவதில்லை. பச்சை விளக்கு எரிவதற்கு ஆகும் செலவுதான் உங்களுக்கு மிச்சம்.

இன்னொரு இணைப்பு வாங்கிப் பிரிப்பது மாடியில் தனிக் குடும்பம், தனி அடுப்பு என்று இருந்தால் நியாயம். ஒரே அடுப்பில் சாப்பிடும் குடும்பம் பில்லுக்காக மட்டும் பிரிந்தது போல் காட்டுவதற்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

சோலார் நல்லதுதான். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் பக்கம் ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. ஆனால் ஒழுகும் பானைக்குப் பெரிய குழாய் வைப்பது போல ஆகிவிடக் கூடாது. 910-க்கு சோலார் போட்டால் மூன்று கிலோவாட்டுக்கு மேல் கேட்கும், குறைத்த பிறகு போட்டால் ஒன்றிரண்டு கிலோவாட்டே போதும். ஒரு வருடம் பொறுங்கள். தென்னை நிழலோ பக்கத்து மாடி நிழலோ விழுகிறதா என்று அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.

மீட்டர் சந்தேகம் மனதை அரித்தால் நீங்களே சோதிக்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், 3,200 என்பது பல மீட்டரில் காணும் எண். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 53 சிமிட்டு என்றால் 1,000 வாட் ஓடுகிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போடுங்கள். அதன் அடியில் 1,000 வாட் என்று இருந்தால், நிமிடத்துக்கு 53-ஐ ஒட்டிச் சிமிட்ட வேண்டும். பெட்டி சூடேறிக்கொண்டிருக்கும் முதல் நிமிடத்திலேயே எண்ணிவிடுங்கள். 70, 80 என்று வந்தால் மின் வாரிய அலுவலகத்தில் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்க எழுதிக் கொடுக்கலாம். அடுத்து, மெயினை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் விறுவிறுவென்று சிமிட்டினால் எங்கோ கசிகிறது. ஒரு வீட்டில் இப்படிச் சிமிட்டியதைத் தேடிக்கொண்டு போனதில் மோட்டார் கேபிள் மண்ணுக்கடியில் தோல் உரிந்து கிடந்தது. பில்லை விட உயிருக்கு ஆபத்து அது, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

சரி, கூட்டிப் பார்ப்போம். ஏசியில் 180, மோட்டாரில் 60, ஃபேனில் 90, விளக்கில் 36, ஃபிரிட்ஜில் 20. 910-ல் 386 போக 524. முன்பு சொன்ன விலையில் 5,650 ரூபாய் 2,142 ஆகும். இந்த இடத்தில் நிறுத்தினால் எனக்கே மனசு கேட்காது, ஏனென்றால் 500-க்கு இன்னும் 24 யூனிட்தான். அந்தக் கோட்டைத் தாண்டும் ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இப்போதுதான் சின்னச் சின்ன விஷயங்களுக்கு மரியாதை வருகிறது. செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தாலும் பெரும்பாலும் அதே பத்து வாட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பார்க்காத நேரத்தில் சுவர் ஸ்விட்சிலேயே அணைத்தால் இரண்டு மாதத்துக்கு 11 யூனிட். சார்ஜர் கழற்றும் உங்கள் கைக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம், வீட்டில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மீதிக்கு, கோடை மழை பெய்து குளிர்ந்த நாலு இரவு ஏசியைத் தொடாமல் இருந்தால் 16 யூனிட். 497-ல் வந்து நிற்கிறது, 1,707 ரூபாய்.

இவ்வளவு நுணுக்கமாக நிறுத்த வேண்டுமென்றால் பில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் எழுதி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 58 யூனிட்டுக்குள் இருந்தால் 500-க்குள் முடியும். ரீடிங் எடுக்க வருகிறவர் நாலைந்து நாள் தள்ளி வந்தால் அந்த நாட்களின் யூனிட்டும் இதே கணக்கில் ஏறி உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். அறுபதாவது நாள் நெருங்கியதும் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு நினைவுபடுத்துங்கள்.

முதலில் மோட்டாரைப் பாருங்கள், பிறகு மாடிக்கு வெள்ளை. ஃபேன் மாற்றுவது தீபாவளித் தள்ளுபடி வரை பொறுக்கலாம்.